நெறி கட்டலை மச்சி!

இந்த வாரம் கொஞ்சம் கூச்சமான மேட்டர். கதவைச் சாத்திக்கிட்டாவது படிச்சிடுங்க, ப்ளீஸ்!

ப்ளஸ் டூ படிச்சப்போ, செட்டியார்பட்டியில கபடி ஆடிட்டுக் குளிக்கப் போனேன். வலது தொடை இடுக்குல எலுமிச்சம்பழ சைஸுக்கு ஒரு புடைப்பு! படுத்தா காணாமப் போகும், இருமினா எட்டிப் பார்க்கும். ‘நெறி கட்டியிருக்கும்’னு நானே டாக்டராகி, ஆறு மாசம் மூச்சு விடலை. அம்மாகிட்ட எப்படிங்க சொல்றது? கடைசியில பெரியப்பா பையன்கிட்ட உளறினேன். “லூசு, இது ஹெர்னியாடா!”ன்னு அண்ணன் அப்பவே பைக்கை எடுத்துட்டார்.

சைக்கிள் டயர்ல வெடிப்பு விட்டா ட்யூப் பிதுங்குமே, அதான் ஹெர்னியா. தமிழ்ல குடலிறக்கம். கருவுல இருக்கும்போது விரை கீழே இறங்குற வழி, சிலருக்கு மூடாமலே இருந்துடும். டீன் ஏஜ் பசங்களுக்கு வர்றது பெரும்பாலும் இந்த டைப்தான். அதனால, ‘என்ன தப்பு பண்ணினோம்’னு குழம்பாதீங்க!

பழைய முறையில வெளியிலிருந்து கிழிச்சு பேட்ச் போடுவாங்க. நுண்துளை ஆபரேஷன்ல மூணு சின்ன ஓட்டை, காஸ், கேமரா. பேட்ச் உள்பக்கமா உட்காரும். சைக்கிள் கடை அண்ணாச்சி டயருக்கும் ட்யூபுக்கும் நடுவுல ஒரு துண்டு சொருகுவாரே... அதே டெக்னிக்! உள்ளே இருக்கிற பிரஷரே பேட்ச்சை அமுக்கிப் பிடிச்சுக்கும். இந்தியாவுல 1990-ல் மும்பை ஜே.ஜே. ஆஸ்பத்திரியில டாக்டர் உத்வாடியா இப்படித்தான் பித்தப்பையை எடுத்தார். தமிழ்நாட்டுல இந்த முறையை வளர்த்தவர்கள்ல முக்கியமானவர் கோவை டாக்டர் சி.பழனிவேலு.

எனக்கு மறுநாளே டிஸ்சார்ஜ். வயித்தைவிட தோள்பட்டைதான் ரெண்டு நாள் வலிச்சுது. காஸ் பண்ற வேலையாம்! பக்கத்து சத்திரப்பட்டியில தறி தறியா பேண்டேஜ் துணி ஓடுது. எனக்குத் தேவைப்பட்டதோ மூணே மூணு பிளாஸ்திரி!

ரிசல்ட் எப்படி? பெரியவங்களை வெச்சு நடந்த ஆய்வுகள்ல, நுண்துளை முறையில வலி குறைவு, சீக்கிரமா வேலைக்குத் திரும்பலாம்னு தெரிய வந்திருக்கு. அனுபவமுள்ள கை செஞ்சா, திரும்ப வர்ற வாய்ப்பு ரெண்டு முறையிலயும் ஏறக்குறைய ஒண்ணுதான். ஆனா, முழு மயக்க மருந்து வேணும். வளர்ற பசங்களுக்கு வலை வைக்காம பையை மட்டும் கட்டிவிடுறதும் உண்டு. எந்த வயசுல வலை வைக்கலாம்னு டாக்டர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. அதனால மூணு கேள்வி கேளுங்க: ‘வலை வைப்பீங்களா? இதுல உங்களுக்கு எவ்வளவு அனுபவம்? விரைக்குப் போற ரத்தக்குழாய், விந்துக்குழாய் பத்திரமா இருக்குமா?’ இதைக் கேட்க வெட்கமே வேண்டாம்!

ஒரு வார்னிங். புடைப்பு உள்ளே போகாம கல்லு மாதிரி ஆகி, வலியும் வாந்தியும் வந்தா, குடல் நெரிபடுதுன்னு அர்த்தம். ‘விடியட்டும்’னு காத்திருக்காதீங்க. ஓடுங்க ஆஸ்பத்திரிக்கு!

ஹாஸ்டல்ல இந்தக் கதையைச் சொன்ன ராத்திரி, ரெண்டு பேர் தனித்தனியா வந்து, “எனக்கும் இருக்குடா”ன்னாங்க. மூணாவது ஆள் நீங்களா? இன்னிக்கே யார்கிட்டயாவது உளறிடுங்க பாஸ்!