ரோட்டில் விழுந்தால் சிகிச்சை, தேயிலைக்காட்டில் விழுந்தால் சான்றிதழா?

ஆய்வுப் பணிக்காக ஆறு மாதம் ஜெர்மனியில் தங்கியிருந்தேன். அந்த நாட்டு மண்ணை மிதிக்கும் முன்பே என்னிடம் கேட்கப்பட்டது மருத்துவக் காப்பீடு. அது இல்லையென்றால் விசா கிடையாது, பல்கலைக்கழகத்தில் பதிவும் கிடையாது. அங்கே ஒருமுறை காய்ச்சல் வந்து மருத்துவரிடம் போனேன். வரவேற்பில் இருந்த பெண் அட்டையை வாங்கி இயந்திரத்தில் செருகிவிட்டு உட்காரச் சொன்னார். அப்பா பெயர், சொந்த ஊர், பூர்வீகம் என்று ஒரு கேள்வியும் இல்லை. நான் அந்நாட்டுக்கு அந்நியர். ஆனால் நோயாளியாக அந்நியர் இல்லை.

இதைச் சொல்வதால் ஐரோப்பாவைப் புகழ்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அதே ஜெர்மனியில் அடைக்கலம் தேடி வந்தவர்களுக்கு 1993 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. தொடக்க காலத்தில் கடும் நோய்க்கும் வலிக்கும் மட்டுமே அவர்களுக்குச் சிகிச்சை. பேறுகாலம், தடுப்பூசி போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. 18 மாதமாக இருந்த இந்தக் காலவரையறையை 2024-இல் 36 மாதமாக நீட்டினார்கள். ஆய்வு உதவித்தொகையோடு வந்த எனக்கு ஒரு மருத்துவம், படகில் வந்தவருக்கு வேறு மருத்துவம். ‘வெளிநாட்டவர்’ என்ற ஒரு சொல்லுக்குள்ளேயே மேல், கீழ் உண்டு. சாதிச் சமூகத்தில் பிறந்த நமக்கு இந்தப் படிக்கட்டு புதிதல்ல.

அந்தப் படிக்கட்டை நான் முதலில் பார்த்தது நீலகிரியில்.

இந்த மலையின் நவீன வரலாறே வெளிநாட்டவரின் உடல்நலத்தில்தான் தொடங்குகிறது. சமவெளியின் வெயிலும் காய்ச்சலும் தாங்காத வெள்ளையர்கள் உடல் தேற வந்த ஊர் உதகமண்டலம். அவர்களுடைய படைவீரர்கள் தேறுவதற்கு உகந்த இடம் என்று வெலிங்டன் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1860-களில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சின்கோனா மரங்களை நட்டார்கள். அதன் பட்டையில்தான் மலேரியாவுக்கான குயினைன் இருக்கிறது. அந்த மருந்துத் தோட்டத்துக்குக் காடு வெட்டியவர்களில் சீனக் கைதிகளும் இருந்தார்கள். ஒரு வெளிநாட்டவரின் காய்ச்சலுக்கு மருந்து வேண்டும் என்பதற்காக இன்னொரு வெளிநாட்டவர் விலங்கோடு கொண்டுவரப்பட்டார். இருவரும் இந்த மலைக்கு அந்நியர்கள்தான். ஆனால் ஒருவருக்குச் சுகவாசத்தலம், மற்றவருக்குச் சிறை.

கடலுக்கு அப்பால் இலங்கையிலும் இதே கதைதான். தமிழ்நாட்டுச் சேரிகளிலிருந்தும் வறண்ட கிராமங்களிலிருந்தும் கங்காணிகள் திரட்டிப் போன கூலிகள் மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, கிருமிநீக்கம் செய்யப்பட்ட பிறகே கப்பல் ஏறினார்கள். நம் மண்ணில் இருந்த அந்த முகாமை நடத்தியது இலங்கை அரசு. அங்கே தோட்டத் தொழிலாளர்களின் மருத்துவத் தேவைக்கென்று 1872-இலேயே சட்டம் வந்தது; 1912-இல் அது விரிவாக்கப்பட்டது. நல்ல ஏற்பாடுதானே என்று தோன்றலாம். ஆனால் அந்த மருத்துவம் குடிமக்களுக்கான மருத்துவம் அல்ல. தோட்டத்தில் உழைக்கும் உடல் தொடர்ந்து உழைப்பதற்கான பராமரிப்பு. பிற்காலத்தில் இலங்கையில் இலவச அரசு மருத்துவம் வளர்ந்தபோதும், தோட்ட மருத்துவம் தனி வேலிக்குள்ளேயே நின்றது. பட்டம் பெற்ற மருத்துவர் இல்லாமல், தோட்ட மருத்துவ உதவியாளரை நம்பியே பல தலைமுறைகள் வாழ்ந்தன.

1948-இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. அவர்களில் பெரும்பகுதியினர் பள்ளர், பறையர், அருந்ததியர் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட சாதியினர். நிலவுடைமையுள்ள ஒரு சாதியைச் சேர்ந்த பத்து லட்சம் பேரை இப்படித் தலைகளை எண்ணிப் பிரித்துக்கொள்ள இரண்டு அரசுகளுக்குத் துணிச்சல் வந்திருக்குமா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்படி வந்தவர்களுக்கு வேலை தருவதற்காக 1968-இல் தமிழக அரசு நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள்தான் பின்னர் ‘டேன்டீ’ என்ற அரசுக் கழகமாயின. தனியார் தோட்டங்களிலும் சிறு விவசாயிகளின் தேயிலைக்காடுகளிலும் கூலிக்குப் போனவர்கள் ஏராளம். அங்கே ‘இந்தியாக்காரன்’ என்று சொல்லித் துரத்தப்பட்டவர்களுக்கு இங்கே கிடைத்த பெயர் ‘சிலோன்காரங்க’. தாயகம் திரும்பியோர் என்பது அரசுக் காகிதத்தில் மட்டுமே இருக்கும் பெயர்.

என் பாட்டி 1973-இல் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, கோத்தகிரிப் பக்கம் ஒரு தோட்டத்தில் சேர்ந்தவர். முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தார். தோட்டத்து டிஸ்பென்சரியில் அவருக்கு மாத்திரை கிடைத்தது. என் அம்மாவுக்கும் மாமாவுக்கும் அங்கேதான் ஊசி போட்டார்கள். 1951-ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் பலன் அது. தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருத்துவ வசதி தருவது தோட்ட நிர்வாகத்தின் கடமை என்றது அந்தச் சட்டம். தராவிட்டால் தலைமை ஆய்வாளரே அந்த வசதியைச் செய்து, செலவை முதலாளியிடம் வசூலிக்கலாம் என்றும் அதில் இருந்தது.

ஆனால் அந்த உரிமை செக்ரோலில் பெயர் இருக்கும்வரைதான். பாட்டி ஓய்வு பெற்ற மாதத்தோடு டிஸ்பென்சரி கதவும் மூடிக்கொண்டது. நான்கு ஆண்டுகளுக்கு முன், ஆடி மழையில் லைன் வீட்டுப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். 108 வந்தது. ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பினார்கள். கடைசியாகப் போன இடத்தில் காப்பீட்டு மேசையில் இருந்த தம்பி பணிவாகத்தான் சொன்னார்: “அக்கா, ரேஷன் கார்டுல ஒரு பேரு, ஆதார்ல ஒரு பேரு இருக்கு. தாலுகா ஆபீஸ் போய் மாத்திட்டு வாங்க.” கண்டியில் எழுதிக் கொடுத்த குடும்ப அட்டையில் இருந்தது மூன்றாவது எழுத்துக்கூட்டல். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண்ணின் பெயரை மூன்று அலுவலகங்கள் மூன்று விதமாக எழுதின; அதற்கான அபராதத்தை அவருடைய இடுப்பெலும்பு கட்டியது. அம்மாவின் தோடும் செயினும் அடகுக்குப் போயின. பதினோரு நாள் கழித்து அறுவைச் சிகிச்சை நடந்தது. பாட்டி அதன்பின் எழுந்து நடக்கவே இல்லை.

அந்தத் தம்பி மீது எனக்குக் கோபமில்லை. என் கேள்வி அந்த மேசையை அங்கே போட்டவர்களிடம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பெரிய சாதனை, மறுக்கவில்லை. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, ஆட்சி மாறி, பெயர் மாறி, இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆனால் அதன் வாசலில் ஒரு கணக்கு நிற்கிறது. 2022-இல் வருமான வரம்பு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதாவது மாதம் 10,000. 26 நாள் வேலை என்றால் நாளுக்கு 385 ரூபாய். இன்று தோட்டக் கூலி இதைத் தாண்டிவிட்டது. மாதம் முழுக்க வேலைக்குப் போகும் ஒரே ஒரு தொழிலாளி இருந்தால் போதும், அந்தக் குடும்பம் சட்டப்படி ‘ஏழை’ இல்லை. நடைமுறையில் என்ன நடக்கிறது? கிராம நிர்வாக அலுவலர் மனமிரங்கிக் குறைத்து எழுதித் தருகிறார். உரிமையாக இருக்க வேண்டியது தயவாகிறது. தயவு எந்தச் சாதிக்கு எளிதாகக் கிடைக்கும், எதற்குத் தாமதமாகும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தொழிலாளர் அரசு காப்பீடு, அதாவது இ.எஸ்.ஐ., இருக்கிறதே என்று கேட்கலாம். அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, 1944-இல் அதர்க்கர் அளித்த அறிக்கைதான் அதற்கு அடித்தளம். ஆனால் 1948-இல் வந்த சட்டம் ஆலைகளைத்தான் பார்த்தது, தோட்டத்தைப் பார்க்கவில்லை. தேயிலை ஆலைகளைக்கூடப் ‘பருவகால ஆலை’ என்ற பட்டியலில் வைத்து வெளியே நிறுத்திவிட்டது. 1951 சட்டமோ 5 ஹெக்டேருக்குக் குறைவான தோட்டங்களைத் தொடுவதில்லை. நீலகிரியில் தேயிலையின் பெரும்பகுதி சிறு விவசாயிகளின் கையில் இருக்கிறது. அங்கே நாள்கூலிக்குக் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு டிஸ்பென்சரியும் இல்லை, இ.எஸ்.ஐ.யும் இல்லை.

இப்போது இன்னொரு ஆபத்து வந்திருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 1951 சட்டத்தை விழுங்கிவிட்டன. தோட்டங்கள் இ.எஸ்.ஐ.க்குள் வரலாம் என்கின்றன. ஆனால் அது முதலாளி விரும்பினால் மட்டும். தொழிலாளிக்குச் செய்ய வேண்டிய வசதிகளை முதலாளி தன் சொந்தச் செலவில் செய்யலாம், அல்லது மத்திய, மாநில, உள்ளாட்சித் திட்டங்கள் வழியாகச் செய்யலாம் என்றும் ஒரு பிரிவு இருக்கிறது. இதன் பொருள் என்ன? நாளை ஒரு நிர்வாகம் டிஸ்பென்சரியைப் பூட்டிவிட்டு, “உங்களுக்குத்தான் அரசு காப்பீட்டு அட்டை இருக்கிறதே” என்று சொல்ல வழி திறந்திருக்கிறது. அட்டை அறுவைச் சிகிச்சைக்குப் பணம் கட்டும். இரவு இரண்டு மணிக்கு இளைப்பு வந்தால் ஓடிப்போக ஒரு கம்பவுண்டரை அது தராது. மலையிறங்கும் வண்டிக்கூலியையும், இழந்த நாள்கூலியையும் தராது. காப்பீடு வேறு, மருத்துவம் வேறு. ஒன்றைக் காட்டி மற்றொன்றைப் பறிப்பதற்கு நாம் இடம் கொடுக்கக் கூடாது.

இது தாயகம் திரும்பியோரின் பிரச்சினை மட்டுமல்ல. பாட்டி பறித்த நிரையில் இன்று ஜார்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த பெண்கள் நிற்கிறார்கள். அவர்கள் இந்தியர்கள்தான். ஆனால் மொழி தெரியாத மருத்துவமனையில் அவர்கள் வெளிநாட்டவரே. ஊரில் வாங்கிய ஆயுஷ்மான் அட்டை இங்கும் செல்லும் என்கிறது விதி. கையில் அட்டை இருந்தால், மேசையில் இருப்பவர் சொல்வது புரிந்தால் செல்லும். ஐம்பது ஆண்டுக்கு முன் ‘சிலோன்காரங்க’ என்று அழைக்கப்பட்ட நம்மில் சிலர் இன்று அவர்களை ‘இந்திக்காரங்க’ என்று ஒதுக்குவதையும் பார்க்கிறேன். நம் மீது சுமத்தப்பட்ட இழிவை அடுத்தவர் தலையில் இறக்கி வைப்பது சாதியின் பழைய தந்திரம்.

அதேபோல், நாங்கள் குடியமர்த்தப்பட்ட நிலம் ஆதிவாசிகளின் காடு என்பதையும் மறக்க முடியாது. ஆனால் வழி காட்டியவர்களும் அவர்கள்தான். கூடலூர்ப் பகுதியில் பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் உள்ளிட்ட மக்கள் தங்கள் சங்கம் வழியாக ‘அஸ்வினி’ அமைப்போடு சேர்ந்து 1992-லேயே தங்களுக்கான மருத்துவக் காப்பீட்டைத் தொடங்கினார்கள். மாநில அரசின் திட்டம் வருவதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்பு. கிராமத்தில் அவர்களுக்குள்ளிருந்தே பயிற்சி பெற்ற நலப் பணியாளர், கூடலூரில் அவர்களுடைய மருத்துவமனை, அதற்குப் பின்னால் காப்பீடு. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் அதன் பலம். அட்டையை மட்டும் கொடுத்துவிட்டுக் கைகழுவவில்லை.

சரி, என்ன செய்யலாம்? கொள்கை புதிதாகத் தேட வேண்டியதில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் அது ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் காயமடைந்தவர் யாராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். வேறு மாநிலத்தவரா, வெளிநாட்டவரா, வருமானம் எவ்வளவு என்று கேட்பதில்லை. உடல் இங்கே இருக்கிறது, அதற்கு அடிபட்டிருக்கிறது, அவ்வளவு போதும். ரோட்டில் விழுந்தவரிடம் கேட்காத சான்றிதழை, லைன் வீட்டுப் படியிலும் தேயிலைச் செடிகளுக்கிடையிலும் விழுந்தவரிடம் ஏன் கேட்க வேண்டும்?

ஆகவே நம் கோரிக்கைகள் எளிமையானவை. தோட்டப் பகுதிகளில் வருமானச் சான்று கேட்காமல், வசிப்பதை மட்டுமே அடிப்படையாகக் கொண்டு காப்பீட்டு அட்டை வழங்க வேண்டும். அதற்கான முகாம் லைன் வாசலிலேயே நடக்க வேண்டும். பெயர் எழுத்துக்கூட்டலை அங்கேயே சரிசெய்ய வேண்டும். அதுவரை பெயர் வேறுபாட்டைக் காட்டிச் சிகிச்சையை நிறுத்தக் கூடாது. தோட்டங்களுக்கு இ.எஸ்.ஐ. முதலாளியின் விருப்பமாக இல்லாமல் கட்டாயமாக வேண்டும். மாநில அரசு விதிகளை எழுதும்போது, டிஸ்பென்சரியை நடத்தும் பொறுப்பு நிர்வாகத்துக்கே உரியது என்று தெளிவாக எழுத வேண்டும். ஓய்வு பெற்றவர்களுக்கும், சிறு தோட்டக் கூலிகளுக்கும், வட மாநிலத் தொழிலாளர்களுக்கும் அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும்.

2025 ஏப்ரலில் உதகையில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டது. நீண்ட காலம் கோவைக்கு இறங்கிக்கொண்டிருந்த மலைக்கு அது பெரிய ஆறுதல். வெள்ளையர்கள் உடல் தேற உருவாக்கிய ஊரில், முதன்முறையாக இவ்வளவு பெரிய மருத்துவமனை எல்லோருக்குமாக நிற்கிறது. அதன் வாசலுக்குப் போகும் வழியில் எத்தனை மேசைகளைப் போட்டு வைத்திருக்கிறோம் என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி. மாவட்டத்தில் படிக்கும், பணிபுரியும் தோழர்கள் இந்த மாதமே ஒரு லைனுக்குப் போய், ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு அட்டைகளை வாங்கிப் பெயர்களை ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்த ஆடி மழைக்கு முன் எத்தனை பெயர்களைத் திருத்த வேண்டியிருக்கிறது என்று தெரியும்.