சுவர் காயும் வரை



கச்சிராயபாளையம் தாண்டி மலைச்சாலையில் ஏறி நான் வெள்ளிமலைக்குப் போனது 2024 டிசம்பர் நடுவில். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறி, நகர மனமில்லாமல் நின்று கொட்டித் தீர்த்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரால் தென்பெண்ணைக் கரை ஊர்கள் பட்ட பாட்டைத்தான் அப்போது எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். மலையில் வெள்ளம் நிற்காது, சரிவில் ஓடிவிடும். ஆனால் ஓட்டுச் சந்து வழியாக ஒழுகியது எங்கே ஓடும்? சுவருக்குள் இறங்கி அங்கேயே உட்கார்ந்துவிடும்.

தெரிந்தவர் வீட்டில் டீ குடிக்க உட்கார்ந்தேன். இருட்டிக்கொண்டு வந்தது. அந்த வீட்டுப் பாட்டி விளக்குப் போட எழுந்தவர், வாசலுக்குப் போய் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து சுவிட்சைத் தட்டினார். வீட்டுக்குள் செருப்பா என்று கேட்டேன்.

"செவுத்துல கை வச்சா சுர்ருங்குது கண்ணு. மழையில இருந்தே இப்படித்தான். செருப்பு போட்டுக்கிட்டா ஒண்ணும் பண்ணாது."

பேரப்பிள்ளைகள் அதே சுவரில் முதுகைச் சாய்த்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு டீ இறங்கவில்லை.

மறுநாள் காலை கீழேயிருந்து ஒரு வயர்மேனை வரவழைத்தோம். மெயினை இறக்கிவிட்டு, சுவிட்சுகள் இருந்த மரப்பலகையைக் கழற்றினார். பலகை ஊறி உப்பியிருந்தது. பின்னால் எறும்புப் புற்று, ஈர மண், பச்சை பூத்த செம்புக் கம்பி. ஒயரின் மேலுறை தொட்ட இடத்தில் உதிர்ந்தது. குடிசை இணைப்பாக ஒரே ஒரு பல்புக்கு வந்த லைன் அது. பிறகு அரசு கொடுத்த டிவி வந்தது. 2011-க்குப் பிறகு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி மூன்றும் வந்தன. எல்லாம் அந்தப் பழைய ஒயரிலேயே தொற்றிக்கொண்டன. கொடுத்தவர்களையும் குறை சொல்ல முடியாது, வாங்கியவர்களையும் சொல்ல முடியாது. ஒயரை மட்டும் யாரும் கேட்கவில்லை.

அடுத்து அவர் உருவிக் காட்டியது ஃபியூஸ் கேரியர். அதில் ஃபியூஸ் கம்பி இல்லை. ஏதோ ஒயரைச் சீவியெடுத்த நாலைந்து செம்பிழைகளை முறுக்கிக் கட்டியிருந்தார்கள். "அடிக்கடி போவுதுன்னு எம் மவன் கட்டினான்" என்றார் பாட்டி, கொஞ்சம் பெருமையாகவே.

இந்த இடத்தில் ஒரு கணக்கு சொல்ல வேண்டும். சரியான ஃபியூஸே போட்டிருந்தாலும், அது ஐந்து ஆம்பியர், அதாவது ஐயாயிரம் மில்லிஆம்பியர் வரை சும்மா விட்டுக்கொண்டிருக்கும். நம் உடம்புக்கு பத்து இருபது மில்லிஆம்பியர் பாய்ந்தாலே பிடித்த கை விடாமல் இறுகிவிடும். முப்பதைத் தாண்டினால் இதயத் துடிப்பே குலையக்கூடும். பழைய 40 வாட் குண்டு பல்பு இழுப்பது ஏறத்தாழ 170 மில்லிஆம்பியர். ஒரு பல்பு எரியத் தேவையானதில் ஐந்தில் ஒரு பங்கு நம்மைக் கொல்லப் போதும். அது ஃபியூஸுக்கு உறைக்கவே உறைக்காது. ஃபியூஸ் ஒயர் தீப்பிடிக்காமல் காக்கிறது. ஆளைக் காப்பது அதன் வேலையே இல்லை.

ஆளைக் காப்பதற்கென்றே இருப்பது ஆர்சிடி. கடையில் ஆர்சிசிபி என்று கேட்டாலும் தருவார்கள். ஃபேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று அது விடாமல் பார்த்துக்கொண்டிருக்கும். வீட்டுக்கு வாங்குவது 30 மில்லிஆம்பியர் அளவு. அந்த அளவுக்குக் கணக்கு இடித்தால், வெளியே கசிந்தது சுவரிலா ஆளிலா என்றெல்லாம் விசாரிக்காது. ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் மொத்தத்தையும் வெட்டிவிடும். ஒரு கையில் ஃபேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடிப்பவரை மட்டும் அதனால் காப்பாற்ற முடியாது. தமிழ்நாட்டில் புது இணைப்புக்கு இது வேண்டும் என்று விதி இருக்கிறது. பழைய வீட்டுக்குள் எட்டிப் பார்க்கத்தான் யாரும் வருவதில்லை.

மலையில் ஆர்சிடிக்கு இன்னொரு அவசியமும் உண்டு. உப்பும் கரியும் போட்டு எர்த் பைப் இறக்கினாலும் கீழே பாறை. பாறை கரண்டை எளிதில் வாங்கிக்கொள்ளாது. எர்த் சரியாக வேலை செய்யாவிட்டால், மிக்சியின் உடம்பிலோ கிரில் கேட்டிலோ கசிவது போக வழியில்லாமல் நம் கைக்காகக் காத்திருக்கும்.

வயர்மேன் ஆர்சிடியை மாட்டி மெயினை ஏற்றினார். உடனே "டக்" என்று விழுந்தது. மறுபடி ஏற்றினார், மறுபடி விழுந்தது. "புதுசே சரியில்லையே தம்பி, கழட்டிடு" என்றார் பாட்டி. ஊரெங்கும் நடப்பது இதுதான். உண்மையைச் சொல்லும் கருவியைத்தான் முதலில் கழற்றுகிறோம். வயர்மேன் கழற்றவில்லை. ஈரச்சுவரின் லைனை அடியோடு துண்டித்தார். உலர்ந்த பக்கத்துச் சுவரில் வெளியே பிவிசி பைப் ஓட்டி ஒரு பல்பு, ஒரு விசிறி. அதன் பிறகு ஆர்சிடி விழாமல் நின்றது. மண்சுவர் தொட்டால் காய்ந்தது போல இருக்கும், உள்ளே வாரக்கணக்கில் ஈரம் நிற்கும் என்றார். பிறகு வந்து, ஒயரின் மின்காப்பை அளக்கும் மெகர் வைத்துப் பார்த்து, ஒரு மெகாஓமுக்குக் குறையாமல் காட்டினால்தான் மற்ற லைன்களைத் தொடுவாராம்.

அடுத்த பருவமழை வருவதற்குள் நீங்களும் உங்கள் வீட்டு ஃபியூஸ் கேரியரை ஒரு தெரிந்த வயர்மேனை விட்டு உருவிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆற்றங்கரை வாசகர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வீட்டுக்குள் தண்ணீர் நிற்கும்போது அதில் கால் வைத்து நடந்துபோய் மெயினை இறக்காதீர்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தை 94987 94987 எண்ணில் கூப்பிட்டு, கம்பத்திலேயே நிறுத்தச் சொல்லுங்கள். ஈபி நின்றாலும் இன்வெர்ட்டர் உயிரோடுதான் இருக்கும். பலர் மறப்பது இதைத்தான். மூழ்கிய சுவிட்சும் பிளக் பாயிண்டும் எம்சிபியும் வெயிலில் வைத்து எடுத்துக்கொள்கிற சாமான்கள் அல்ல, உள்ளே சேறு தங்கியிருக்கும். தூக்கிப் போட்டுவிடுங்கள். மோட்டாரையும் கிரைண்டரையும் காயில் கட்டுபவரிடம் காட்டாமல் ஓட்டாதீர்கள். துணி காயப்போடும் இரும்புக் கம்பியை அவிழ்த்துவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள். யாருக்காவது ஷாக் அடித்தால் பதறி ஆளைப் பிடிக்காமல் முதலில் மெயினை நிறுத்துங்கள், பிறகு 108.

நான் கிளம்பும்போது வயர்மேன் ஆர்சிடியில் இருந்த சின்னப் பொத்தானைக் காட்டி, மாதம் ஒரு முறை அமுக்கிப் பாருங்கள், டக்கென்று விழுந்தால் நல்லபடியாக இருக்கிறது என்று பொருள் என்று பாட்டிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மாசம் ஒருக்காவா? ரேசன் வாங்குற அன்னிக்கு அமுக்கிடறேன்" என்றார். செருப்பு அப்போது வாசலில் கிடந்தது.

அன்புடன்,
ஆசிரியர்