மணலியிலிருந்து மணாலிக்கு

மணலிக்கும் மணாலிக்கும் ஒரு கால் எழுத்துதான் வித்தியாசம். அந்த ஒரு காலை நம்பி எங்க ஏரியா பசங்க ஒவ்வொரு டிசம்பருக்கும் கிளம்பிடறாங்க. திருவொற்றியூர், ராயபுரம், எண்ணூர்னு எங்க பார்த்தாலும் ஒரு குரூப்பு. புது வண்டி, அதுக்கு மேல கேரியர், பின் கண்ணாடியில "சென்னை டு மணாலி"ன்னு ஸ்டிக்கர். 2,700 கிலோமீட்டருக்கு மேல ஓட்டப்போறாங்க. "பனிக்கு என்னப்பா வெச்சிருக்க?"ன்னு கேட்டா எல்லார்கிட்டயும் ஒரே பதில்தான்: "எஸ்யூவி மச்சி, எங்க வேணாலும் ஏறும்."

ஏறும்ங்க, நான் இல்லைன்னு சொல்லல. நிக்குமான்னுதான் கேக்கறேன்.

முதல்ல இந்த எஸ்யூவி மேட்டர். நம்ம தெருவுல உயரமா, அகலமா நிக்கிற க்ரெட்டா, நெக்ஸான் எல்லாம் முன் சக்கரத்துல மட்டும் இழுக்கிற வண்டிங்க. உயரத்தைப் பார்த்து நாலு சக்கரமும் இழுக்கும்னு நெனச்சா அது வண்டியோட தப்பு இல்ல. சரி, உண்மையான ஃபோர் பை ஃபோரே வெச்சிருக்கீங்கன்னு வெச்சுக்குவோம். அதனால என்ன லாபம்? நகர ஆரம்பிக்கிறதுக்கும், மேல ஏறுறதுக்கும் என்ஜின் சக்தி நாலு சக்கரத்துக்கும் போகும். ரொம்ப நல்லது. ஆனா பிரேக்? மாருதி ஆல்டோவா இருந்தாலும், முப்பது லட்ச ரூபா வண்டியா இருந்தாலும், பிரேக் நாலு சக்கரத்துலயும்தான் இருக்கு. நிறுத்துற விஷயத்துல ஃபோர் பை ஃபோர்காரன் ஒரு அங்குலம்கூட ஒசத்தி இல்ல. சொல்லப்போனா அவன் வண்டிதான் கனம் ஜாஸ்தி. லோ ரேஞ்ச் கியர்ல இறங்கினா என்ஜின் நாலு சக்கரத்தையும் பிடிச்சு நிதானப்படுத்தும். அது உதவிதான், மறுக்கல. ஆனா டயருக்கும் தரைக்கும் நடுவுல இல்லாத பிடிமானத்தை எந்த கியரும் கொண்டுவராது.

பள்ளிக்கூட பிசிக்ஸ் கணக்கு ஒண்ணு போட்டுக் காட்டறேன். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்துல போறீங்க. காஞ்ச தார் ரோட்டுல உராய்வு 0.7ன்னு வெச்சா, பிரேக் பிடிச்ச இடத்துலேருந்து 9 மீட்டர்ல வண்டி நிக்கும். மிதிபட்டு இறுகின பனியில உராய்வு 0.2ன்னா 31 மீட்டருக்கு மேல. ஐஸா உறைஞ்ச ரோடுன்னா 0.1தான், 63 மீட்டர். இது சமதளக் கணக்கு. மலை இறக்கத்துல இன்னும் மோசம், சில இறக்கத்துல நிக்கவே நிக்காது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல கடல் மணல் படிஞ்ச இடத்துல கண்டெய்னர் லாரி பின்னாடி சடன் பிரேக் போட்டவங்களுக்கு அந்த வயித்துக் கலக்கம் தெரியும். அங்க பத்தடியில மணல் முடிஞ்சுடும். சோலங் மேல முடியாது.

பனி விழுந்தா அங்க போலீஸ் பல சமயம் சோலங்குக்கு மேல ஃபோர் பை ஃபோர் வண்டியை மட்டும்தான் விடுது. நம்மாளு உடனே "பாத்தியா, போலீஸே சொல்றான், இது போதும்"னு முடிவு பண்ணிடறான். பரீட்சை எழுத ஹால் டிக்கெட் குடுத்தா பாஸ்னு அர்த்தமா? 2020 அக்டோபர்ல அடல் சுரங்கம் திறந்ததுலேருந்து ரோத்தாங் கணவாய் ஏறாமலே லாஹௌல் பக்கம் போயிடலாம். 9 கிலோமீட்டர் சுரங்கம், அந்தப் பக்கம் சிஸ்ஸுவில பனி. அதனால பனியில ஓட்டியே பழகாத கூட்டம் மொத்தமும் நேரா பனிக்குள்ள போய் இறங்குது. 2024 டிசம்பர்ல சோலங்குக்கும் சுரங்கத்துக்கும் நடுவுல ஏறக்குறைய ஆயிரம் வண்டி மாட்டி நின்னது நாடு பூரா செய்தி. வழுக்கிற ஒரு வண்டி தான் மட்டும் போகாது. பின்னாடி நிக்கிற வண்டி, பக்கத்துல குழந்தையோட நடந்து போற உள்ளூர்க்காரம்மா, அவசரத்துக்குக் கீழ வரவேண்டிய நோயாளி, எல்லாரையும் சேத்து இழுத்துக்கிட்டுத்தான் போகும். என் கோபமே அதுலதான். உங்க வண்டி, உங்க பணம், சரி. ரோடு உங்களுது மட்டும் இல்லையே.

இதுல வேடிக்கை என்னன்னா, டயர்னா என்னன்னு நாட்டுக்கே சொல்லவேண்டிய ஊரு எங்களுது. 1946ல திருவொற்றியூர்ல ஒரு கொட்டகையில பலூன் செய்ய ஆரம்பிச்சதுதான் பின்னாடி எம்.ஆர்.எஃப். ஆச்சு. ரப்பர் வாசனையிலயே வளர்ந்த பசங்க, பாட்டு சிஸ்டத்துக்கு நாப்பதாயிரம் குடுப்பாங்க. டயர் பட்டன் தேஞ்சு மொட்டை ஆகிற வரைக்கும் மாத்த மாட்டாங்க. நம்ம சட்டப்படி காருக்கு 1.6 மில்லிமீட்டர் பட்டன் ஆழம் இருந்தா போதும். ஆஸ்திரியாவுல குளிர்கால ரேடியல் டயருக்கு 4 மில்லிமீட்டர் இல்லைன்னா அது குளிர்கால டயரே இல்லைங்கறான். பனியில ஓட்டறவன் சட்டம் அது.

"அப்போ குளிர்கால டயரே போட்டுடலாமே?"ன்னு கேப்பீங்க. நம்ம சாதா டயர் ரப்பர் ஏறத்தாழ 7 டிகிரிக்குக் கீழ விறைச்சுப் போயிடும். குளிர்கால டயர் ரப்பர் அப்பவும் மெத்துன்னு இருக்கும், பட்டன்ல மெல்லிசா கீறல் கீறலா வெட்டியிருக்கும், பனியைக் கவ்வும். கியூபெக்ல 2008லேருந்து இது சட்டம். இப்போ டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரைக்கும் மாட்டியே ஆகணும். மொன்றியல்ல இருக்கிற நம்ம ஈழத்துச் சொந்தங்களைக் கேட்டுப் பாருங்க, நவம்பர்லயே டயர் மாத்த வரிசையில நிப்பாங்க. ஆனா சென்னைக்காரனுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். அந்த மெத்து ரப்பரை நெல்லூர், நாக்பூர் ரோட்டுல உருட்டிக்கிட்டுப் போனா சாதா டயரைவிட வேகமா தேயும். இன்னொண்ணு, டயர்ல 'எம் பிளஸ் எஸ்'னு போட்டிருக்குன்னு ஏமாறாதீங்க. அது பட்டன் அமைப்பை வெச்சு கம்பெனியே போட்டுக்கற முத்திரை. பனியில சோதிச்ச டயர்ல மூணு முகடு மலையும் நடுவுல பனிப்பூவும் இருக்கும்.

நமக்குச் சரியானது செயின். கழுத்துல போடறது இல்லீங்க, சக்கரத்துல சுத்தற இரும்புச் சங்கிலி. டயர் ஓரத்துல 185/65 ஆர் 15ன்னு ஏதோ எழுதியிருக்கும் பாருங்க, அந்த அளவுக்கே வாங்கணும். வாங்கறதுக்கு முன்னாடி வண்டியோட புத்தகத்தைப் படிங்க. சில வண்டியில டயருக்கும் மட்கார்டுக்கும் இடைவெளி பத்தாது, செயின் போடாதேன்னே எழுதியிருப்பான். முன் சக்கர வண்டிக்கு முன்னாடிதான் மாட்டணும்; நாலுக்கும் போட முடிஞ்சா இறக்கத்துல பின்பக்கம் அலையாது. மாட்டி கொஞ்ச தூரம் போனதும் இறங்கி மறுபடி இறுக்கணும். 40க்கு மேல போகாதீங்க. பனி முடிஞ்சு தார் தெரிஞ்சா உடனே கழட்டிடணும், இல்லைன்னா செயினும் போச்சு டயரும் போச்சு. துணியில உறை மாதிரி ஒண்ணு வருது, மாட்டறது சுலபம், ஆனா வெறும் ரோட்டுல சீக்கிரம் கிழியும். பிளாஸ்டிக் பட்டை வகை பள்ளத்துல மாட்டின வண்டியை வெளிய எடுக்க ஆகும். அதைக் கட்டிக்கிட்டு மலை இறங்கறேன்னு வராதீங்க.

ஒரு நண்பர் காசிமேட்டுலேருந்து நைலான் கயிறு வாங்கி டயர்ல சுத்திக்கலாம்னு யோசனை சொன்னார். படகு கட்டற கயிறாம், அறாதாம். அண்ணே, கடல்ல அது இழுவிசைக்கு நிக்குது. இங்க ஒன்றரை டன் வண்டி அதை ரோட்டோட வெச்சுத் தேய்க்குது. பிஞ்ச முனை பிரேக் ஹோஸ்ல சுத்திக்கிச்சுன்னா இருக்கிற பிரேக்கும் போயிடும். இன்னொருத்தர் காத்தைக் குறைச்சுடலாம்னார். மணல்ல அது சரி. ஐஸ்லாந்துக்காரங்க ஆழமான புதுப் பனியிலயும் ராட்சச டயர்ல அப்படித்தான் ஓட்டறாங்க. நமக்குக் கிடைக்கிறது நூறு வண்டி மிதிச்சு கண்ணாடி ஆன பனி. அதுல இந்த வித்தை செல்லாது.

புல்லட் கோஷ்டிக்கு ஒரே வரி. 1950கள்லேருந்து எங்க ஊர்ல செஞ்ச வண்டி, லடாக் வரைக்கும் பேர் வாங்கியிருக்கு, பெருமைதான். ஆனா ஐஸ்ல ரெண்டு சக்கரம் ரெண்டு சக்கரம்தான். ஜூன்ல போங்க. அப்பவும் விடிகாலையில ரோட்டைக் கடக்கிற ஓடைத் தண்ணி உறைஞ்சு கிடக்கும், வெயில் ஏறினப்புறம் கிளம்புங்க.

செயின் பொருந்தாத வண்டின்னா மணாலியிலயே நிறுத்திட்டு உள்ளூர் டிரைவர் வண்டியில ஏறுங்க. அவருக்கு எந்த வளைவுல வெயில் படாதுன்னு தெரியும். "நான் ஓட்டின மாதிரி ஆகுமா"ன்னு யாராவது கேட்டா, ஆகாதுதான். பொருந்தற வண்டின்னா செயினை இங்கயே ஒரு தடவை மாட்டிக் கழட்டிப் பழகிக்குங்க. மைனஸ் அஞ்சு டிகிரியில, விரல் மரத்துப்போய், பின்னாடி அம்பது வண்டி ஹார்ன் அடிக்கும்போது யூடியூப் பாத்துக் கத்துக்க முடியாது. திருவொற்றியூர் தேரடியில மத்தியான வெயில்ல காருக்குச் சங்கிலி மாட்டிக்கிட்டு இருந்தா நாலு பேர் நின்னு வேடிக்கை பாப்பாங்க. "இன்னாபா, காரு ஓடிப்பூடுமா?"ன்னு கேப்பாங்க. கேக்கட்டும்.