டிஆஞ்சலோவின் பாதிப் பாட்டுகள்: 'சரி' பண்ணாம வெளியிடுங்க!

அமெரிக்க சோல், ஃபங்க் பாடகர் டிஆஞ்சலோ 2025 அக்டோபரில் கணையப் புற்றுநோயால் இறந்தார். வயது 51. அவர் புது ஆல்பத்துக்கு வேலை பார்த்து வருவதாக, இசைக் கூட்டாளி ரஃபேல் சாதிக் 2024-ல்தான் சொல்லியிருந்தார். அது எப்போது வரும் என்பது ரசிகர்களின் கேள்வி. அதைவிட முக்கியமான கேள்வி, யார் எப்படி முடிப்பது என்பது.

30 வருஷத்தில் அவர் போட்டது மூன்றே ஸ்டூடியோ ஆல்பம்: 1995-ல் 'பிரவுன் ஷுகர்', 2000-ல் 'வூடூ', 2014-ல் 'பிளாக் மெசையா'. இடையில் போதைப் பழக்கம், கார் விபத்து எல்லாம் உண்டு. ஆனால் தாமதத்துக்கு அது மட்டும் காரணம் இல்லை.

ஃபங்க்கில் மெட்டைவிட தாளம்தான் ராஜா. ஜேம்ஸ் பிரவுன் காட்டிய வழியில் நான்கு அடியில் முதல் அடிக்கு அழுத்தம். கிடார், பேஸ்கூட தாள வாத்தியம் மாதிரிதான். டிஆஞ்சலோ அதில் ஒரு தள்ளாட்டத்தைச் சேர்த்தார். நியூயார்க்கில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கட்டிய எலெக்ட்ரிக் லேடி ஸ்டூடியோவில் 'வூடூ' உருவானபோது, பழைய நிகழ்ச்சி வீடியோக்களைப் பார்ப்பது, மணிக்கணக்கில் சேர்ந்து வாசிப்பது, அதை டேப்பில் பிடிப்பது, இதுதான் வேலை. டிரம்மர் குவெஸ்ட்லவ் கடிகாரம் மாதிரி வாசிப்பவர். அவரையே கொஞ்சம் தடுமாறி வாசிக்க வைத்தார். பினோ பல்லடினோவின் பேஸ் அதற்கும் ஒரு நொடித்துளி பின்னால், சோம்பல் முறித்துக்கொண்டு வரும்.

இன்றைய இசை மென்பொருளுக்கு இதெல்லாம் பிழை. 'குவான்டைஸ்' பண்ணினால் ஒவ்வொரு அடியும் கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துவிடும், எக்செல் ஷீட்டில் அலைன் பண்ற மாதிரி. பாட்டு சுத்தமாகிவிடும், ஆனா ஆட வராது.

அவர் அவசரப்படவே தெரியாதவரும் இல்லை. 2014 நவம்பரில், ஃபெர்குசனில் கறுப்பின இளைஞர் மைக்கேல் பிரவுனைச் சுட்டுக் கொன்ற போலீஸ்காரர் மீது வழக்கு கிடையாது என்று கிராண்ட் ஜூரி முடிவெடுத்தது. 2015-க்கு வைத்திருந்த 'பிளாக் மெசையா'வை அவர் டிசம்பர் 15-லேயே வெளியிட்டார். எப்போது தயார் என்பதை அவரேதான் முடிவு பண்ணினார்.

அடுத்தவர் முடிவு பண்ணினால்? 2007-ல் குவெஸ்ட்லவ், முடியாத ஒரு பாட்டை ஆஸ்திரேலிய வானொலியில் போட்டுவிட்டார். அத்தனை நெருங்கிய நண்பர்கள், அதோடு மனக்கசப்பு. அதே பாட்டு, 'ரியலி லவ்', முறையாக வெளிவர இன்னும் ஏழு வருஷம் ஆனது.

இப்போது கோபப்பட அவர் இல்லை. குரலை ஏஐ வைத்து நிரப்பலாம், யாராவது பிரபலத்தை மேலே பாட வைக்கலாம், ஸ்ட்ரீமிங் கணக்கும் எகிறும். அதைவிட, அவரோடு அறையில் உட்கார்ந்து வாசித்தவர்கள் கேட்டு, சரி என்று சொன்ன டேப்புகளை மட்டும் அப்படியே வெளியிடலாம். இருமலோ, நடுவில் நின்றுபோன பாட்டோ, எல்லாம் இருக்கட்டும். மூன்று பாட்டுதான் தேறும் என்றால் மூன்று போதும்.