விளையாட்டுக்காக வட்டி வேண்டாம். இருக்கும் மடிக்கணினி போதும்



அன்பார்ந்த பெற்றோர்களே! படிப்பிற்கென வாங்கிக் கொடுத்த மடிக்கணினியில் விளையாட்டு சரியாக ஓடவில்லை, ஆகவே புதிய 'கேமிங் லேப்டாப்' வேண்டும் என்ற கோரிக்கை இன்று நம் வீடுகள் பலவற்றில் எழுகிறது. மதரஸாவில் நம்மிடம் ஓதவரும் பிள்ளைகளின் பேச்சிலும் இதுவே அடிக்கடி வருகிறது. இதற்குப் பெற்றோர் தரும் பதில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கிறது. "விளையாட்டே ஹராம், மூடி வை" என்று அதட்டுவது ஒன்று. பிள்ளையின் முகவாட்டத்தைப் பொறுக்க முடியாமல் கடைக்குச் சென்று மாதத் தவணைக்குக் கையெழுத்திடுவது மற்றொன்று. இவ்விரண்டுமே சரியல்ல என்பது நமது கருத்து.

மார்க்கம் விளையாட்டு முழுவதையும் வெறுத்து ஒதுக்கவில்லை. பெருநாளன்று மஸ்ஜிதுந் நபவியில் அபிசீனியர்கள் ஈட்டி கொண்டு விளையாடியதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கண்டு களிக்க நபி (ஸல்) அவர்கள் இடமளித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. ஆயினும் தொழுகையை மறக்கச் செய்வதும், சூதாட்டம் கலந்ததும், ஆபாசமும் இணைவைப்பும் நிறைந்ததுமான விளையாட்டுகள் கூடா என்பதில் ஐயமில்லை. இந்த வரம்பை எடுத்துச் சொல்லாமல் எல்லாவற்றையும் ஒரே சொல்லில் தடுத்தால், உண்மையிலேயே தடுக்கப்பட்டதைப் பற்றி நாம் எச்சரிக்கும் நாளிலும் பிள்ளை செவிசாய்க்க மாட்டான்.

அடுத்து, அந்த மடிக்கணினியில் விளையாட்டு ஏன் தடுமாறுகிறது என்பதைப் பெற்றோரும் அறிந்திருப்பது நல்லது. கேமிங் லேப்டாப்பில் படங்களை வரைவதற்கென்றே தனி கிராஃபிக்ஸ் சில்லும், அதற்கெனத் தனி நினைவகமும் இருக்கும். சாதாரண மடிக்கணினியில் அந்த வேலையைச் செய்யும் பகுதி பிராசஸருடனேயே இணைந்திருக்கிறது. அதற்கென்று சொந்த நினைவகம் கிடையாது. கணினியின் ரேமையே பங்கிட்டுக் கொள்கிறது. ஒரு கிணற்றில் இரண்டு வீட்டார் நீர் இறைப்பதைப் போன்றது இது. கணினி பழுதாகிவிடவில்லை, அது படைக்கப்பட்ட வேலை வேறு, அவ்வளவுதான்.

எனவே புதியது வாங்குமுன் இருப்பதைச் சீர்செய்து பார்க்கலாம். விளையாட்டின் அமைப்புகளில் திரையளவை 1920×1080 என்பதிலிருந்து 1280×720 ஆகக் குறைத்தால், ஒவ்வொரு முறையும் வரைய வேண்டிய புள்ளிகள் ஏறத்தாழ 20.7 இலட்சத்திலிருந்து 9.2 இலட்சமாகக் குறைகின்றன. பாதிக்கும் மேற்பட்ட சுமை இறங்கிவிடுகிறது. நிழல் முதலிய அலங்காரங்களையும் குறைத்துக் கொள்ளலாம். மைன்கிராஃப்ட் போன்றவற்றில் கண்ணுக்குத் தெரியும் தொலைவைச் சுருக்கினாலே வேகம் கூடும். கணினியில் ஒரே ஒரு ரேம் மட்டும் பொருத்தப்பட்டு, இன்னொன்றுக்கு இடம் காலியாக இருந்தால், அதே அளவும் வேகமும் கொண்ட மற்றொன்றைச் சேர்ப்பது நல்ல பலன் தரும். தரவு செல்லும் பாதை ஒன்று இரண்டாகிறது. சில கணினிகளில் ரேம் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும் என்பதால் முன்னரே விசாரித்துக் கொள்ள வேண்டும். மெத்தைமீதும் தலையணைமீதும் வைத்து விளையாடினால் காற்றுத் துளைகள் அடைபட்டுச் சூடேறும். சூடேறினால் கணினி தன் வேகத்தைத் தானே குறைத்துக் கொள்ளும். மேசைமீது வைப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

இவ்வளவு செய்த பின்னும் புதிய பெரிய விளையாட்டுகள் பல ஓடாமல் போகலாம். இதைப் பிள்ளையிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுவோம். அங்கேதான் தவணையின் அழைப்பு வந்து நிற்கிறது.

"வட்டியே இல்லை" என்று விளம்பரம் செய்யப்படும் 'நோ காஸ்ட் இ.எம்.ஐ.' எவ்வாறு நடக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான இடங்களில் வட்டிக்கு நிகரான தொகை பொருளின் விலையில் தள்ளுபடியாகக் காட்டப்படுகிறது. வங்கியோ அதே தொகையை வட்டி என்ற பெயரிலேயே தவணைகளில் வசூலிக்கிறது. கிரெடிட் கார்டாயின் அந்த வட்டியின்மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் சேர்கிறது. பூஜ்ஜிய வட்டி என்று ஒன்று உண்மையில் இல்லை என 2013-ஆம் ஆண்டிலேயே ரிசர்வ் வங்கி தன் சுற்றறிக்கையில் வங்கிகளுக்குக் கூறியது. உலகக் கணக்கை மட்டும் பார்ப்பவர்களே இதை ஒப்புக்கொண்டிருக்க, மறுமைக் கணக்கை நம்பும் நாம் பெயரைப் பார்த்து ஏமாறலாமா? வட்டி வாங்குபவரை மட்டுமின்றி, கொடுப்பவரையும் எழுதுபவரையும் சாட்சியாக நிற்பவர்களையும் நபி (ஸல்) அவர்கள் சபித்த செய்தி முஸ்லிமில் உள்ளது. வீட்டில் நோயாளி இருந்து, வேறு வழியின்றித் தவிப்பவரின் நிலை வேறு. திரையில் மரத்தின் நிழல் அழகாக விழ வேண்டும் என்பதற்காக அந்தச் சாபத்திற்குள் நுழைவது எவ்வளவு மலிவான பேரம்!

கட்டடக்கலையோ அனிமேஷனோ பயிலும் பிள்ளைக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு உண்மையிலேயே தேவைப்படலாம். அது தேவை, விளையாட்டு விருப்பம். தேவைக்காகச் சேமித்து வாங்கலாம். நம்பகமான பழைய கணினி வாங்கலாம். ஜமாஅத்தில் வட்டியில்லாக் கடன் வசதி இருந்தால் நாடலாம். கடைக்காரரே தம் சொந்தப் பொருளை, தாமதத்திற்கு அபராதமின்றி, முன்பே முடிவான ஒரே விலைக்குத் தவணையில் விற்பதைப் பெரும்பான்மை அறிஞர்கள் அனுமதித்துள்ளனர். விருப்பமோ காத்திருக்கலாம். காத்திருக்கப் பழகாத பிள்ளை நாளை சம்பாதிக்கும்போது, முதல் மாதச் சம்பளம் வருமுன்பே கடனாளியாகிவிடுவான்.

எந்த விளையாட்டு என்பதற்கு நாம் ஓர் அளவுகோலைச் சொல்வோம்: பாங்கு ஒலித்தவுடன் நிறுத்தி வைக்க முடிகிறதா? இணையத்தில் குழுவாகச் சேர்ந்து ஆடும் போர் விளையாட்டுகளில் நடுவில் எழுந்தால் தோழர்கள் தோற்பர். ஆகவே மஃரிப் கடந்துபோகும். அத்தகையவற்றுள் சில வலுவற்ற கணினியிலும் கைபேசியிலும் கூட ஓடுகின்றன. ஆதலால் கணினியின் பலவீனமே காவல் என்று நாம் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. பணம் கட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத பெட்டியைத் திறக்கும் 'லூட் பாக்ஸ்' முறையும் அவற்றில் பலவற்றில் உண்டு. பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம் 2018-இல் இதனைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. சூரா அல்மாயிதாவின் 90, 91-ஆம் வசனங்கள் தடுக்கும் மைசிரின் சாயல் இதில் தெளிவாகவே தெரிகிறது.

தனியாக ஆடும் பழைய விளையாட்டுகளை நினைத்த நொடியில் நிறுத்தலாம். எளிய மடிக்கணினிக்கும் அவை பாரமாவதில்லை. 1999-இல் வெளிவந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' விளையாட்டில் சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபியின் போர்கள் ஒரு தொடராகவே அமைந்துள்ளன. பிள்ளையின் அருகில் அத்தா அமர்ந்து, 1187-இல் ஹித்தீனில் நடந்தது என்ன, பைத்துல் முகத்தஸ் மீட்கப்பட்டபோது அங்கிருந்த மக்களிடம் சுல்தான் எவ்வாறு நடந்துகொண்டார் என்று எடுத்துச் சொன்னால், அந்த அரைமணி நேரம் வீணாகாது. அதையும் விலை கொடுத்து முறையாகவே வாங்க வேண்டும். திருட்டுப் பிரதி பிறர் உழைப்பைக் கவர்வதாகும்.

உலக விஷயங்களில் நம்மைவிட மேலிருப்பவரைப் பார்க்காமல், கீழிருப்பவரைப் பார்க்குமாறு நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்தார்கள். கிராஃபிக்ஸ் கார்டுக்கு மேல் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வந்துகொண்டேதான் இருக்கும். இன்று வாங்குவதும் சில ஆண்டுகளில் "போதவில்லை" என்ற பட்டியலில் சேரும். போதும் என்ற மனத்தை மட்டும் எந்தக் கடையும் தவணையில் தருவதில்லை; அதைப் பிள்ளைகள் நம் வீட்டில்தான் கற்க வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கு ஹலாலானதைக் கொண்டு நிறைவையும், ஓய்வு நேரத்தில் பரக்கத்தையும் அல்லாஹ் தந்தருள்வானாக! வட்டியின் நிழலும் படாமல் நம் இல்லங்களைக் காப்பானாக! ஆமீன்.