சேர் வாங்கிய லெப்டொப்பையே நீங்களும் வாங்க வேண்டுமா?



எங்கள் வீட்டுக்கு ஒரு கேமிங் லெப்டொப் வந்து இன்றோடு பதினேழு நாள். வந்த அன்றே மூத்த மகன் படம் பிடித்து ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார். அன்றிலிருந்து எங்கள் இருவருடைய போனுக்கும் இரண்டு வகை மெசேஜ் வருகிறது. முதல் வகை, "சேரும் டீச்சருமா கேம் விளையாடப் போறீங்க?" அதற்கு ஒரு சிரிப்பு முகத்தை அனுப்பினால் விஷயம் முடிந்தது. இரண்டாவது வகைதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. "சேர், நீங்க எடுத்த அதையேதான் எங்கட மகனுக்கும் எடுக்கப் போறம். எந்தக் கடை? எவ்வளவு முடிஞ்ச?" இதுவரை ஐந்து பெற்றோர் கேட்டுவிட்டார்கள். ஒரு தாய் காப்பை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறார். பிள்ளை படிப்பது தரம் 10.

நம்ம ஊரில் ஆசிரியர் வீட்டில் ஒரு சாமான் வாங்கினால் அது சிபாரிசாக மாறிவிடுகிறது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சாமான் நல்லது. எங்களுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் உங்களில் பெரும்பாலானோர் இதை வாங்க வேண்டாம்.

நாங்கள் ஏன் வாங்கினோம் என்பதைச் சொன்னால்தான் இது விளங்கும். 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது வட்ஸ்அப்பில் விஞ்ஞானப் பாடம் நடத்தத் தொடங்கினோம். பிறகு அதையே வீடியோவாக எடுக்கப் பழகினோம். பாடசாலை திறந்த பிறகும் நிறுத்தவில்லை, ஏனென்றால் வகுப்பில் விளங்காத பிள்ளை இரவில் வீட்டில் மூன்று தரம் திருப்பிப் பார்க்கிறது. இருந்தது 2016இல் வாங்கிய ஒரு லெப்டொப். இருபது நிமிடப் பாடத்தை வெட்டி ஒட்டி முடித்து வீடியோவாக வெளியே எடுக்கக் கொடுத்தால் இஷா தொழுதுவிட்டு வந்து, சாப்பிட்டு, படுக்கப் போகும்போதும் அது பாதியில் நிற்கும். மகன் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு. பிளெண்டர் என்ற மென்பொருளில் இதயம், சிறுநீரகம் போன்றவற்றை முப்பரிமாணத்தில் செய்து எங்கள் பாடங்களுக்குத் தருகிறார். அந்தப் பழைய மெஷினில் இதயத்தை ஒரு சுற்றுச் சுற்றவைக்க ஒரு இரவு போய்விடும்.

வேலை முதலில் இருந்தது. அந்த வேலைக்கு எது வேண்டும் என்று தேடிப் போன இடத்தில் பெட்டியின் மேல் கேமிங் என்று எழுதியிருந்தது, அவ்வளவுதான்.

அந்தப் பெயர்தான் ஆட்களைக் குழப்புகிறது. சிலர் பெயரைக் கேட்டதுமே பிள்ளை கெட்டுப்போகும் என்கிறார்கள். வேறு சிலர் விலை கூடியது, ஆகவே படிப்புக்கு மிகச் சிறந்தது இதுதான் என்று நினைக்கிறார்கள். உள்ளே இருப்பது கிராபிக்ஸ் கார்ட் என்ற தனிப் பகுதி. எல்லா லெப்டொப்பிலும் உள்ள பிரதான புரொசசரை, எந்தக் கணக்கையும் செய்யக்கூடிய எட்டுப் பத்து ஆசிரியர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராபிக்ஸ் கார்ட் என்பது இரண்டாயிரம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள். கஷ்டமான கணக்கு அவர்களுக்கு வராது. ஆனால் ஆளுக்கொரு சதுரத்தைக் கொடுத்து நிறம் தீட்டச் சொன்னால் ஒரு சுவரை நொடியில் முடித்துவிடுவார்கள். விளையாட்டில் நொடிக்கு நொடி மாறும் காட்சி, வீடியோ, முப்பரிமாணப் படம் எல்லாம் இந்தச் சுவர் வேலைதான். வினாத்தாள் தட்டச்சு செய்வது சுவர் வேலை இல்லை. அதற்கு இரண்டாயிரம் பிள்ளைகளைக் கூப்பிட்டால் அவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், நீங்கள் அவர்களுக்கும் சேர்த்துக் காசு கட்டியிருப்பீர்கள்.

இப்போது அந்த இருபது நிமிட வீடியோ ஏழு நிமிடத்தில் வெளியே வருகிறது. மகனுடைய இதயம் தேநீர் குடித்து முடிப்பதற்குள் சுற்றிவிடுகிறது. முதல் நாள் இதைப் பார்த்துவிட்டு வீட்டில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிளெண்டர் ஒரு சதமும் கொடுக்காமல் இறக்கிக்கொள்ளக்கூடியது என்பதையும் சொல்லவேண்டும். 2025 மார்ச்சில் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஒஸ்கார் வாங்கிய லத்வியா நாட்டுப் படமான ப்ளோ அதில் செய்ததுதான்.

இனிக் கடைக்காரர் சொல்லாதவை.

பாரம். லெப்டொப் இரண்டரைக் கிலோ, அதனுடைய சார்ஜர் ஒரு செங்கல். இரண்டையும் பையில் போட்டு மோட்டார் சைக்கிளில் பாடசாலைக்குக் கொண்டுபோன ஒரே நாளில் தோள் வலித்தது. அதன் பிறகு அது வீட்டை விட்டு வெளியே போகவில்லை. டியூஷனுக்குத் தூக்கிக்கொண்டு போவார் என்ற எண்ணத்தில் பிள்ளைக்கு வாங்க நினைப்பவர்கள் கடையில் ஒரு தரம் தூக்கிப் பாருங்கள், சார்ஜரோடு.

சூடு. கடையில் ஏசி அறையில் காட்டுவார்கள். நம்ம வீட்டில் ஏசி இல்லை, இது கச்சான் வீசும் ஊர். முழு வேலை செய்யும்போது உள்ளே 90 பாகைக்கு மேல் போகிறது. இந்த வகை மெஷின்கள் அதைத் தாங்கும்படிதான் செய்யப்பட்டவை, சுமார் 100 பாகையில் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் காற்றாடிகள் போடும் சத்தம்! மகன் பக்கத்து அறையில் வேலை செய்கிறார் என்றால் இங்கே பாடம் ஒலிப்பதிவு செய்ய முடியாது. கச்சான் காலத்துப் புழுதியும் கடற்காற்றின் உப்பும் அந்தக் காற்றாடிகளுக்கு என்ன செய்யும் என்பதை வருடம் ஒன்று போனால்தான் சொல்லலாம். கட்டிலில், மெத்தையில் வைக்கவே கூடாது. கீழே காற்று இழுக்கும் துவாரம் அடைபட்டுப்போகும்.

கரண்ட். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்ததை நாம் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கு பாய்ந்ததில் முழு நாடும் இருளில் கிடந்ததையும் மறக்கவில்லை. அதனால் "லெப்டொப் என்றால் கரண்ட் போனாலும் ஓடும்தானே" என்று கேட்கிறார்கள். ஓடும். வேர்ட், வட்ஸ்அப் என்றால் எங்களுடையது நாலரை மணித்தியாலம் நிற்கிறது. கிராபிக்ஸ் கார்ட் வேலை செய்யத் தொடங்கினால் ஐம்பது நிமிடம், அதுவும் அரைவாசி வேகத்தில். சார்ஜரில் போட்டு விளையாடினால் சுமார் 150 வொட் இழுக்கும். ஒரு நாளைக்கு மூன்று மணித்தியாலம் என்றால் மாதத்துக்குப் பதின்மூன்றரை யுனிட். கேட்க சின்னக் கணக்குத்தான். ஆனால் நமது பில் 60, 90, 120 என்று படிப்படியாக ஏறுகிறது. படி மாறினால் யுனிட் விலையோடு நிலையான கட்டணமும் ஏறும். 85 யுனிட்டில் நிற்கும் வீடு இதனால் 98க்குப் போய்விடும். பில்லைப் பார்த்தபிறகு வாப்பாமார் பிள்ளையை ஏசுவார்கள்.

அடுத்தது பெயரிலேயே நடக்கும் விளையாட்டு. எங்களுடையதில் இருப்பது ஆர்டிஎக்ஸ் 4050. கடையில் இந்தப் பெயரை மட்டும்தான் சொல்வார்கள். ஆனால் இதே பெயருள்ள கார்டை ஒரு கம்பனி 35 வொட்டில் ஓட விடலாம், இன்னொன்று 115 வொட்டில் ஓட விடலாம். இரண்டின் வேகமும் ஒன்றல்ல. இதை எத்தனை வொட்டில் ஓட விடுகிறார்கள் என்று கேளுங்கள். நாங்கள் ஏறிய ஒரு கடையில் அந்தத் தம்பிக்குக் கேள்வியே விளங்கவில்லை, அவரில் பிழையில்லை, யாரும் கேட்பதில்லை. ரேம் 16 ஜீபி என்றால் ஒரே துண்டா, இரண்டு எட்டா என்றும் கேளுங்கள். இரண்டாக இருந்தால் வேகம் கூட. உத்தரவாதத் துண்டை வாங்கிச் சின்ன எழுத்தையும் வாசியுங்கள். எங்களுடையதில் மெஷினுக்கு ஒரு காலம், பற்றரிக்கும் சார்ஜருக்கும் அதைவிடக் குறைந்த காலம்.

எங்களுக்கு முதல் நாளே வந்த வேறொரு சோதனையைச் சொன்னால் ஆசிரியர்கள் சிரிப்பீர்கள். பத்து வருட வினாத்தாள்களைக் கொப்பி பண்ணித் திறந்தோம். எல்லாம் ஆங்கில எழுத்துக் கந்தல். பாமினி எழுத்துரு புது மெஷினில் இல்லை. மூன்று இலட்சத்துக்கு மேல் பெறுமதியான சாமான், ஒரு வினாத்தாளை வாசிக்கத் தெரியாமல் முழித்தது. எழுத்துருவைப் போட்டதும் சரியாகிவிட்டது. ஆனாலும் இனிப் புதிதாக அடிப்பதையாவது யுனிகோடில் அடிப்போம் என்று தீர்மானித்திருக்கிறோம். வலயத்தில் எத்தனை பேர் சேர்ந்து வருவீர்கள்?

காசு எப்படி என்றும் கேட்கிறார்கள். வங்கிக் கடன் எடுக்கவில்லை. கடையில் தவணை முறையும் சொன்னார்கள், கூட்டிப் பார்த்தால் விலைக்கு மேல் நல்ல தொகை ஏறுகிறது, வேண்டாம் என்றோம். ஆசிரியர்களுக்குள் போட்ட சீட்டு எங்களுக்கு விழுந்தது, மீதியைச் சேமிப்பிலிருந்து போட்டோம். 2022க்கு முன் டொலர் 200 ரூபாயை அண்டி நின்ற காலத்தில் இதே தரத்துச் சாமானை எவ்வளவு குறைவாக எடுத்திருக்கலாம் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கினால் நித்திரை வராது. பார்க்கவில்லை.

இனி விளையாட்டு. ஆமாம், விளையாடுகிறார்கள். மகனும் தங்கச்சியும் வெள்ளி, சனி பின்னேரங்களில் காற்பந்து விளையாடுகிறார்கள், சில நேரம் சத்தம் தெருவுக்குக் கேட்கும். நாங்கள் அதை ஒளிக்கவில்லை. 144 ஹேர்ட்ஸ் திரையில் பந்து வழுக்கிக்கொண்டு போவதைப் பார்க்க எங்களுக்கே ஆசையாகத்தான் இருக்கிறது. பிள்ளை விளையாடுவதில் எங்களுக்கு மறுப்பில்லை. யாருக்கும் தெரியாமல் என்ன விளையாடுகிறது என்பதில்தான் மறுப்பு. பெரிய திரை, செங்கல் சார்ஜர், காற்றாடிச் சத்தம், இதெல்லாம் சேர்ந்து லெப்டொப்பை ஹோலில் ஒரு மேசையில் கட்டிப்போடுகிறது. எல்லோரும் போகிற வருகிற இடம். போர்வைக்குள் கொண்டுபோகக்கூடிய போனைவிட எங்களுக்கு இது நிம்மதி. கேமிங் லெப்டொப் என்றதும் பதறுகிற பெற்றோரின் பிள்ளைகள் இரவு ஒரு மணிக்குப் போனில் சுட்டுக்கொண்டிருப்பது வகுப்பில் முதலாம் பாடவேளையில் எங்களுக்குத் தெரிகிறது. கொட்டாவி பொய் சொல்லாது.

பார்க்க வேண்டியவை இரண்டு. விளையாட்டின் மேல் 3, 7, 12, 16, 18 என்று ஐரோப்பிய முறையில் வயது போட்டிருக்கும். 18 என்றால் 18தான், "எல்லாப் பொடியன்மாரும் விளையாடுறாங்க" என்பது பதில் இல்லை. மற்றது காசு கட்டித் திறக்கும் மூடிய பெட்டிகள். உள்ளே என்ன வரும் என்று தெரியாது, நல்ல ஆட்டக்காரர் வரலாம், ஒன்றுமில்லாததும் வரலாம். பெல்ஜியம் 2018இலேயே இதைச் சூதாட்டச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. சூது ஹராம் என்று ஓதிக்கொடுக்கிற நம்ம வீடுகளில் இது பிள்ளையின் கையில் ஓடுகிறது, பெற்றோருக்குத் தெரிவதில்லை. வங்கி அட்டையை மெஷினில் பதிந்து வைக்காதீர்கள்.

சரி, தரம் 10 பிள்ளைக்கு என்ன வாங்குவது? சாதாரண தரத் தகவல் தொழில்நுட்பத்துக்கு ஆவணம் தயாரித்தல், விரிதாள், தரவுத்தளம், இணையப் பக்கம், கொஞ்சம் நிரலாக்கம், இவ்வளவுதான். உயர்தரத்தில் பைதன் வந்தாலும் அதற்கும் கிராபிக்ஸ் கார்ட் தேவையில்லை. எட்டு ஜீபி ரேமும் எஸ்எஸ்டியும் உள்ள சாதாரண லெப்டொப் தாராளமாகப் போதும். கம்பனிகளில் பாவித்து விற்கும் நல்ல லெப்டொப்கள் இதன் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கிடைக்கின்றன. ஒன்றை மட்டும் கவனியுங்கள். 2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ இருந்தால்தான் விண்டோஸ் 11 முறைப்படி ஏறும். அதற்கு முந்தியதை மலிவு என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள். எங்கள் பழைய மெஷினுக்கு ஒரு எஸ்எஸ்டி போட்டு, லினக்ஸ் மின்ட் ஏற்றி, தரம் 9 படிக்கும் மகளுக்குக் கொடுத்திருக்கிறோம். அவருடைய தேவைக்கு இன்றுவரை குறையில்லை. நிறம்தான் பிடிக்கவில்லையாம், ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்.

வீடியோ வெட்டி உழைக்கிறவர், கட்டிடப் படம் முப்பரிமாணத்தில் செய்கிறவர், செயற்கை நுண்ணறிவு படிக்கப் பல்கலைக்கழகம் போயிருக்கிற பிள்ளை, இவர்கள் கேட்டால் தயங்காமல் ஆம் என்போம். எங்களிடம் படித்த ஒரு பிள்ளை வீட்டிலிருந்தபடியே வீட்டு உள்ளலங்காரப் படங்கள் செய்து அனுப்புகிறார். அவருக்கு இது தையல் மெஷின் மாதிரி. கழுத்தில் கிடந்ததை விற்று வாங்கினாலும் நாங்கள் ஒன்றும் சொல்லமாட்டோம்.

காப்பை அடகு வைக்க நினைக்கிற அந்த ராத்தா இதை வாசிப்பார் என்று தெரியும். காப்பு கையிலேயே இருக்கட்டும். கடையில் காட்டுகிற லெப்டொப்பின் விபரத் துண்டைப் படம் பிடித்து எங்களுக்கு வட்ஸ்அப்பில் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறோம். மற்றவர்களும் அனுப்பலாம். அஸருக்குப் பிறகு என்றால் உடனே பார்ப்போம். பாடவேளையில் அனுப்ப வேண்டாம்.