கல்மேல் எழுத்தும் அழியும்

கல்மேல எழுதினா அழியாதுன்னு நம்ம மக்களுக்கு ஒரு நினைப்பு. அழியும். எங்க ஊர்லயே அழிஞ்சுது. அதுக்கு நானும் பணம் குடுத்தேன்.

சொந்த ஊர் திருச்சி பக்கம் ஒரு சின்ன கிராமம். சிவன் கோயில் ஒண்ணு இருக்கு. சின்ன வயசுல லீவுக்குப் போனா, கருவறைக்கு வெளியே அடியில இருக்கிற கல்லு வரிசையில வெரலை வச்சுத் தடவிக்கிட்டே சுத்தி வருவோம். முழுக்க எழுத்து. "அது என்ன அப்பாயி?"ன்னு கேட்டா, "அதெல்லாம் ராசா காலத்து கிறுக்கலுடா, தொடாத, வா"ம்பாங்க. அவ்ளோதான் எங்களுக்குத் தெரிஞ்ச ஊர் வரலாறு.

சில வருஷம் முன்னாடி கும்பாபிஷேகம்னு வசூலுக்கு வந்தாங்க. பொட்டி தட்டுற பய, சென்னையில சம்பாதிக்கிறான், சும்மா விடுவாங்களா? குடுத்தேன். பெருமையாத்தான் குடுத்தேன். திருவிழாவுக்குப் போய்ப் பாத்தா கோயில் பளபளன்னு இருக்கு. சுவரையெல்லாம் மணலை வேகமா பீச்சியடிச்சு 'சுத்தம்' பண்ணியிருந்தாங்க. அடிவரிசைக் கல்லு மேல வழவழப்பா டைல்ஸ். பக்கத்துல பளிங்குப் பலகையில நன்கொடையாளர் பேரு. ஏழாவது பேரு என்னோடது.

அப்பக்கூட எனக்கு ஒண்ணும் உறைக்கலை, நெசமாத்தான் சொல்றேன். அதுக்கப்புறம் ஒரு நாள் ஆணி கம்மியா இருந்தப்போ, கல்வெட்டுத் துறையோட பழைய ஆண்டறிக்கைகளைப் புரட்டிக்கிட்டு இருந்தேன். 1887லேர்ந்து வந்துக்கிட்டு இருக்கிற அறிக்கை அது. எந்தத் தாலுகா, எந்த ஊர், எந்தச் சுவர், எந்த ராஜா, என்ன சேதின்னு பட்டியலா போட்டிருப்பாங்க. அதுல எங்க ஊர் பேரு! ஒரே வரிதான். சோழர் காலத்துல ஒரு பொம்பளை, அணையா விளக்கு ஒண்ணு எரிய ஆடு விட்டிருக்காங்க.

தெரியாதவங்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். சோழர் காலத்துல ஒரு விளக்குக்கு 90 இல்ல 96 ஆடு விடுறது வழக்கம். அந்த ஆடுகளை ஒரு இடையர் பொறுப்புல குடுப்பாங்க. அவர் தினம் ஒரு உழக்கு நெய் கோயிலுக்கு அளக்கணும். கிழடாகிற ஆட்டுக்குப் பதிலா குட்டி வளர்ந்து நிக்குமில்லையா, அதனால எண்ணிக்கை கொறையவே கொறையாது. அதுக்கு அவங்க வச்ச பேரு 'சாவா மூவாப் பேராடு'. அசல்ல கை வைக்காம வட்டியில விளக்கு எரிக்கிற திட்டம். நாம இப்ப மியூச்சுவல் ஃபண்டுன்னு பேசுற கணக்கை ஆட்டை வச்சே போட்டிருக்காங்க.

அந்தப் பொம்பளை பேரை அழிச்சிட்டு அந்த எடத்துல என் பேரை வச்சிருக்கோம். இதுக்கு மேல என்ன சொல்ல?

யாரையும் திட்டறதுக்காக இதை எழுதலை. ஊர்க்காரங்க பக்தியோடதான் செஞ்சாங்க. அந்தக் கல்லுல என்ன எழுதியிருக்குன்னு ஊர்ல ஒரு ஆளுக்காவது தெரிஞ்சிருந்தா நிறுத்தியிருப்பாங்க. அதனால நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான்: ரசிகர் மன்றம் இருக்கிற மாதிரி, ஊருக்கு ஊர் ஒரு வரலாற்று மன்றம் வேணும். பெரிய அறிஞர்கள் கூட வேண்டாம். நாலு பேரு, ஒரு நோட்டு, ஒரு கேமரா ஃபோன். போதும்.

"தொல்லியல் துறை எதுக்கு இருக்கு, அவங்க பாத்துக்க மாட்டாங்களா?"ன்னு நண்பன் ஒருத்தன் கேட்டான். தமிழ்நாடு தொல்லியல் துறை 1961லேர்ந்து இருக்கு. நல்ல வேலைதான் பண்றாங்க. ஆனா ஒவ்வொரு ஊர்ச் சுவரையும் தினம் வந்து பாக்க அவங்களால முடியுமா? முதல்ல பாக்கிறது ஊர்க்காரந்தான். கீழடியையே எடுத்துக்கங்க. அங்க மத்திய தொல்லியல் துறை தோண்ட ஆரம்பிச்சது 2015ல. ஆனா 1970கள்லயே அங்க பழம்பொருள் கெடைக்குதுன்னு கவனிச்சு, பொறுக்கிச் சேத்து, அதிகாரிகளுக்குச் சொன்னவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார்.

இன்னொரு உதாரணம் அரிட்டாபட்டி. மதுரை மேலூர் பக்கம். மலையில தமிழிக் கல்வெட்டு, சமணர் படுக்கை, பாண்டியர் குடைவரைன்னு எல்லாம் இருக்கு. பக்கத்து மீனாட்சிபுரம் மலையில இருக்கிறதுதான் நெடுஞ்செழியன் பேரு வர்ற மாங்குளம் கல்வெட்டு. இந்த ரெண்டு ஊரையும் சேத்து 2022ல பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிச்சாங்க, தமிழ்நாட்டுலயே முதல் தலம். அதுக்கப்புறமும் 2024 நவம்பர்ல அந்த வட்டாரத்தை டங்ஸ்டன் சுரங்க ஏலத்துல விட்டாச்சுன்னு செய்தி. ஊர் ஊரா கிளம்பிட்டாங்க. 2025 ஜனவரில மதுரைக்குப் பேரணி, அதே மாசம் ஏலம் ரத்து. நிலம், தண்ணி, சாமி எல்லாத்துக்காகவும் நடந்த போராட்டம்தான், இல்லைங்கல. ஆனா டிவி மைக்கை நீட்டினப்ப, சாதாரண விவசாயிங்க கல்வெட்டு, குடைவரைன்னு பேசினதைப் பாத்தீங்களா? அந்த அறிவு ஒரு நாள்ல வந்ததில்லை. மதுரையில 2010லேர்ந்து ஞாயித்துக்கிழமைகள்ல மலை மலையா ஜனங்களைக் கூட்டிக்கிட்டுப் போற 'பசுமை நடை' மாதிரி முயற்சிகளுக்கும் அதுல பங்கு உண்டுங்கிறது என் அபிப்பிராயம். தன் ஊர்ல என்ன இருக்குன்னு தெரிஞ்சவன்தான் அதுக்காகச் சண்டை போடுவான்.

சரி, இதுல ஒரு பெரிய வில்லங்கம் இருக்கு. அதைச் சொல்லாம விட்டா நேர்மையில்லை. ஊர் வரலாறுன்னு ஆரம்பிச்சா கடைசியில சாதி வரலாறாப் போய் முடியுது. "எங்க பாட்டன் ஆண்ட பூமி"ன்னு ஒருத்தர் ஆரம்பிப்பார், அடுத்த தெருக்காரர் பதிலுக்கு ஒரு ராஜாவைக் கொண்டாருவார், மூணாவது தெரு கூட்டத்துக்கே வராது. மன்றம் ஆரம்பிச்ச ரெண்டாவது வாரமே கட்டை, கம்பு. அதனால மன்றமே வேண்டாம்னு சிலர் சொல்றாங்க. எனக்கு நேர் எதிரா தோணுது. ஆதாரம் பாத்துப் பேசற பழக்கம் இல்லாத எடத்துலதான் கட்டுக்கதை செழிக்குது. கல்லுல இருக்கிறதைப் படிச்சா யாருமே முழுசா ஜெயிக்க மாட்டாங்க, அதான் அதோட அழகே. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர்ல மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒண்ணு இருக்கு. வீரன் பக்கத்துல ஒரு நாயும் நிக்குது. கள்ளரைக் கடிச்சுக் காவல் காத்த அந்த நாய்க்குப் பேரு கோவிவன்னு கல்லுலயே வெட்டி வச்சிருக்காங்க. நாயோட விசுவாசத்தைக்கூட பேரு போட்டு எழுதின ஊருங்க நம்ம ஊருங்க. இப்ப நாம நம்ம சேரியில இருக்கிற கிழவியோட கதையைக் கேட்டு எழுத மாட்டேங்கறோம்.

எங்க ஊர்ல இப்ப நாலு பேர் சேந்திருக்கோம். ரிடையர்டு வாத்தியார் ஒருத்தர், டிராக்டர் ஓட்டுற மாப்ள ஒருத்தன், பக்கத்துத் தெரு காலேஜ் பொண்ணு, நான். மாசம் ஒரு ஞாயிறு. வயக்காட்டுப் பேரெல்லாம் எழுதறோம். ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு பேரு இருக்கு சாமி! 'விளக்குக்காணி'ன்னு ஒரு வயல். சின்ன வயசுலேர்ந்து கேட்ட பேருதான், இப்பத்தான் காரணம் இதுவா இருக்குமோன்னு யோசிக்கிறோம். பெரியவங்க பேசறதை ரெக்கார்டு பண்றோம். மீதி இருக்கிற கல்லுங்களை ராத்திரி டார்ச்சைப் பக்கவாட்டுல சாச்சு அடிச்சு படம் எடுக்கறோம். நிழல் விழுந்து எழுத்து எழும்பி நிக்கும், செஞ்சு பாருங்க. எண்ணெய், பெயின்ட்டு, சாக்பீஸ் எதையும் தடவாதீங்க. நிலத்துல ஏதாவது கெடைச்சா நீங்களே தோண்டாதீங்க, தாசில்தார்கிட்ட சொல்லுங்க. 1878 புதையல் சட்டம் இன்னும் இருக்கு.

அந்தப் பழைய கல்வெட்டுக்கு ஒரு மைப்படியாவது மிச்சம் இருக்கும்னு நம்பிக்கை. ஈரத் தாளைக் கல்லுல ஒட்டி, அடிச்சு, மை ஒத்தி எடுக்கிற பிரதி. ரொம்ப வருஷம் மைசூர்ல கிடந்த தமிழ்ப் படிகளைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டாரச் சொல்லி 2021ல உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டுச்சு. எங்க ஊர்ப் படியைத் தேடி எழுதிப் போட்டிருக்கோம். கெடைச்சா, அந்தம்மா பேரை ஒரு பலகையில எழுதி கோயில்ல வைக்கிறதா முடிவு. என் பேருக்கு மேல.

உங்க ஊர் கோயில்ல அடுத்த கும்பாபிஷேகம் எப்ப மக்களே? வசூலுக்கு வந்தா பணம் குடுங்க, வேண்டாங்கலை. குடுக்கறதுக்கு முன்னாடி "கல்லுல இருக்கிற எழுத்தை என்ன பண்ணப் போறீங்க?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டுக் குடுங்க. நான் கேக்கலை.

பி.கு: உங்க ஊர் பேரு அறிக்கையில இருக்கான்னு பாத்துட்டு, வந்து பின்னூட்டத்துல சொல்லுங்க. "எங்க ஊர்ல ஒண்ணும் இல்லப்பா"ன்னு பாக்காமலே சொல்றவங்களோட நான் டூ :-)